கைக்கடக்கமான ஜீ.பீ.எஸ்.

இனி என்னை ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை காலை, முடிவெட்டும் கடைக் கதிரையில் இருந்தபடி சபதம் எடுத்தேன்.

நான் தலைமறைவாகத் திரிகிறவன் அல்ல. பெயர் கனகசுந்தரம். திருகோணமலையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதர். நான் உள்ளே வந்தால் அங்கே மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும். அப்படிப்பட்ட மனிதனின் தொலைபேசியில் என் மனைவி சுலோஜனா எதையோ அழுத்திவிட்டாள். அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் அவளுடைய தொலைபேசியில் ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தேன்.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அதுதான் பெரிய அவமானம். சந்தேகத்தில் ஒரு மரியாதை உண்டு. இந்த மனுசனையும் இன்னொருத்தி திரும்பிப் பார்க்கக்கூடும் என்ற எண்ணமாவது அதில் இருக்கும். சுலோவுக்கு, நான் எந்தக் கடைக்குக் கிட்ட நிற்கிறேன் என்பது மட்டும்தான் தேவை.

“இஞ்சேருங்கோ, மரக்கறிச் சந்தையடியில நிக்கிறீங்கள்.”

“ஓம்.”

“அப்பிடியே ரெண்டு கட்டு வல்லாரை.”

“நான் அவசரமாப் போறன், சுலோ.”

“அவசரமாப் போற ஆள் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில நிக்கமாட்டார். தேத்தண்ணிக் கடைக்குள்ள இருக்கிறீங்கள். வல்லாரை வாடாததாப் பாத்து எடுங்கோ.”

அந்தச் சனிக்கிழமை என் முகத்தில் பாதிதான் வழித்திருந்தது. மற்றப் பாதியில் நுரை. அப்போது சுலோ போன் அடித்தாள். பக்கத்துக் கட்டடம் அரைக்கிற மில்லாம். மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுத்திருக்கிறாளாம். இப்போதே எடுக்காவிட்டால் பூட்டிப்போடுவார்களாம். பாதி முகத்தோடு போனேன். மிளகாய்த்தூள் பறக்கிற இடத்தில் ஈர முகத்தோடு நின்றால் எப்படியிருக்கும் என்று எழுத எனக்குத் தமிழ் காணாது. திரும்பி வந்து கதிரையில் விழுந்தபோது முடிவெட்டுகிறவர் என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, “ஐயாவின்ர வீட்டில ஏதும் துக்கமோ?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன். “கலியாணம்.”

என் சபதத்துக்கு வழி சொன்னவன் றுவைஸ். நகரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். படித்தவன் என்பது ஒரு பேச்சுக்கு. ஒரே வாங்கில் இருந்தவன் என்பதுதான் சரி. இறக்கக்கண்டிக் கரையில் அவனுக்கு ஒரு பைபர் வள்ளமும், வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடியும் உண்டு. நாலு கம்பு, ஓலைக்கூரை, ஒரு கயிற்றுக் கட்டில், நிறையக் காற்று. அதுதான் வாடி.

“ஞாயிற்றுக்கிழமையில என்னோட கடலுக்கு வா மச்சான்,” என்றான். “நல்லா வெளிய ஓடினமெண்டா டவர் பிடிக்காது. போன் மையத்துத்தான்.”

பிணம் என்று பொருள்படும் அந்த ‘மையத்து’ என்ற சொல் என் காதில் தேனாக விழுந்தது.

உண்மையைச் சொன்னால் மீன்பிடியில் எனக்கு ஓர் ஆசையும் இல்லை. கடலுக்கும் என் வயிற்றுக்கும் ஆகாது. எனக்கு வேண்டியதெல்லாம் வல்லாரை விற்காத ஓர் இடம். ஆனால் கடலுக்குப் போனாலும் தொலைபேசியைக் கொண்டுபோகத்தான் சொல்லுவாள். கரைக்குக் கிட்ட வந்ததும் அது உயிர்த்தெழும். ஆகவே தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போக ஒரு நியாயம் தேவைப்பட்டது. சாதாரண நியாயம் சுலோவிடம் செல்லாது. அவள் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். வாயெல்லாம் சிரிப்போடு இரண்டு மூன்று கேள்வி கேட்பாள். கடன் கேட்டு வந்தவர் தானாகவே எழும்பிப் போய்விடுவார்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்.

“சுலோ, நான் கடலுக்குப் போகப்போறன்.”

“எந்தக் கடலுக்கு?”

“றுவைசின்ர வள்ளத்தில. ஞாயிற்றுக்கிழமையளில. மீன் பிடிக்க.”

“முந்தி மூதூர் லோஞ்சிலயே சத்தி எடுத்தனீங்கள்.”

“அது வேற கடல்.”

“சரி. போனைக் கொண்டுபோங்கோ.”

இதற்காகத்தான் காத்திருந்தேன். சோற்றுக் கையைத் தூக்கி வகுப்பெடுத்தேன். “போன் கடலுக்கு ஆகாது. உப்புத்தண்ணி பட்டாச் சரி. டவர் இல்லாட்டி வெறும் கண்ணாடித்துண்டு. கடலுக்கும் காட்டுக்குமெண்டு தனிச் சாமான் இருக்கு. கையடக்க ஜீ.பீ.எஸ்.”

“கையடக்கமெண்டா?”

“கைக்கு அடக்கமா இருக்கும். வழியைக் காட்டும். மற்றபடி வாயே திறக்காது.”

சுலோ என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். “வாய் திறக்காம, கைக்கு அடக்கமா. அப்பிடி ஒண்டு ஏற்கெனவே வீட்டில நிக்குது,” என்றாள்.

நான் அதைக் கேளாதவன் மாதிரி மீன்முள்ளு எடுத்தேன்.

அவள் குழம்பை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள். “எங்கட ஊரில, சல்லியில, அப்பாவின்ர வள்ளத்தில சின்னனில நானும் வெளிக்கடலுக்குப் போனனான். கரையில ரெண்டு அடையாளத்தைச் சேத்துப் பிடிச்சு, இந்தா இதுதான் கல்லு எண்டு காட்டுவார். நான் பெரியபிள்ளை ஆனதோட இனி ஏறக்கூடாது எண்டு மறிச்சுப்போட்டார். அதுக்குப் பிறகு கரையில நிண்டு பாத்ததுதான்.”

“அது அந்தக் காலம், சுலோ. இது செய்மதி.”

அன்றிலிருந்து ஆராய்ச்சியில் இறங்கினேன். இணையத்தில் ஜீ.பீ.எஸ். கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்களைப் போல வீணர்கள் உலகத்தில் இல்லை. ஒருவர் பனிமலையில் ஏறிப் பார்த்தாராம், அருமையாம். திருகோணமலையில் பனியைப் பெட்டிக்குள்தான் பார்க்கலாம்; அதற்குள்ளும் மீன் இருக்கும். இன்னொருவர் தன் நாயின் கழுத்தில் கட்டிப் பார்த்தாராம். நாய் திருப்தியாம். இவர்களையெல்லாம் வாசித்து, சலித்து, வடித்து, ஒவ்வொரு நாளும் சுலோவுக்குப் பாடம் நடத்தினேன். தொடுதிரையா பட்டனா? உள்ளே பூட்டிய பற்றரியா, மாற்றுகிற பற்றரியா? வெயிலில் திரை தெரியுமா? கடலின் ஆழம் காட்டும் படம் உண்டா? அவள் கீரை ஆய்ந்துகொண்டு “ம்” கொட்டுவாள். பாவம், விளங்காமல் இருக்கிறாள் என்று திருப்பியும் சொல்லுவேன்.

அடுத்த வீட்டு இராசதுரை வேலியால் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற அதிபர். ஓய்வு பெற்றது சம்பளத்திலிருந்து மட்டும், புத்திமதியிலிருந்து அல்ல.

“உதுக்கு ஏன் தனிச் சாமான், கனகு? போன் காணுமே. நான் எங்க போனாலும் போன் சொல்லுற வழிதான்.”

அவர் போன் சொன்ன வழியில் கிண்ணியாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனவர். வலப்பக்கம் திரும்பச் சொல்லி அதற்குள்ளிருந்த பெண்குரல் சொன்னது. சொந்தப் பெண்சாதி சொல்லி ஒரு நாளும் திரும்பாத மனிதர், முகம் தெரியாத பிள்ளை சொன்னதும் திரும்பினார். காரின் முன்சில்லு இரண்டும் களப்புக்குள். கலியாண வீட்டுக்கு முழங்கால் சேற்றோடு போய்ச் சோறு தின்றார். இதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். வேலிக்கு மேலே தெரிந்த தலை இறங்கிவிட்டது.

கடைசியில் துறைமுகப் பக்கம் வள்ளச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். சுலோவும் வந்தாள். “சும்மா பாக்கத்தான்,” என்றாள். விற்பனையாளர் முதலில் எடுத்து வைத்தது ஒரு பெரிய தொடுதிரைக் கருவி. மினுமினுவென்று கலியாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதன் புகழைப் பாடத் தொடங்கினார். பாவம், அவருக்கு அதன் விலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நான் ஒரு கேள்வி கேட்டால் பெட்டியைத் திருப்பி வாசித்தார்.

சுலோ, “தம்பி, ஒரு வாளியில தண்ணி எடுக்கலாமே?” என்று கேட்டாள்.

வாளி வந்தது. அவள் விரலைத் தண்ணீரில் தோய்த்துத் திரையில் வைத்தாள். வரைபடம் வெருண்டு கொழும்புக்கு ஓடிப்போய் நின்றது.

“மீன் பிடிக்கிற கை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும். பட்டன் உள்ளதைக் காட்டுங்கோ.”

சாம்பல் நிறத்தில் பட்டன் உள்ளது ஒன்று வந்தது. அதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பார்த்தாள்.

“ஏன் கண்ணாடியைக் கழட்டினனீ?”

“கடலில கண்ணாடியில உப்புப் படியும்.”

“நான் கண்ணாடி போடுறேல்லையே.”

“ஓம், நீங்கள் போடுறேல்லை,” என்றாள்.

பிறகு, “இது மிதக்குமோ?” என்று கேட்டு, பதில் வருமுன் வாளிக்குள் போட்டாள். விற்பனையாளர் கண்ணை மூடிக்கொண்டார். மிதந்தது. பற்றரியைக் கழற்றினாள், மாட்டினாள். கட்டைவிரலால் ஒவ்வொரு பட்டனையும் அமர்த்திப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு விரிந்தது. என் பாடத்தில் இவ்வளவு ஏறியிருக்கிறதே.

“வீட்டில நான்தான் மெனக்கெட்டுப் படிப்பிச்சனான்,” என்று விற்பனையாளரிடம் சொன்னேன். சுலோ கையோடு கொண்டுவந்த குடையைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

அவள் வாசலில் நின்ற நேரம் பார்த்து, அவர் காதோடு கேட்டேன். “தம்பி, இந்தச் சாம்பல் நிறச் சாமானில ஆராவது எனக்குக் கோல் எடுக்கலாமோ?”

“ஏலாது ஐயா.”

“மெசேஜ்?”

“ஒண்டும் வராது. நீங்க நிக்கிற இடத்தை உங்களுக்குக் காட்டும். அவ்வளவுதான்.”

“இதுதான் உலகத்திலேயே சிறந்த கருவி,” என்று உரத்துச் சொன்னேன். “கட்டுமானம் நல்ல உறுதி, சுலோ. இதையே எடுப்பம்.”

“நல்லதுதான். ஆனா இப்ப வேண்டாம். யதுர்ஷன் டுபாயில இருந்து வாறான். அங்க மலிவு. நான் சொல்லிவிடுறன்.”

யதுர்ஷன் அவளுடைய தம்பி. சீனி வாங்கி வா என்றால் உப்போடு வந்து, இரண்டும் வெள்ளைதானே அத்தான் என்று கேட்கிற அறிவாளி. இருந்தாலும் தொலைபேசியில் கருவியின் பெயரை மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். “அக்காவிட்டச் சொல்லுங்கோ, நான் அக்கா சொல்லுறதைத்தான் வாங்குவன்,” என்றான். நல்லது, பொறுப்பாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்தால் செம்மஞ்சள் நிறம். தலையில் கட்டையாக ஒரு கொம்பு.

“இது சாம்பல் இல்லையே, யது.”

“தண்ணிக்குள்ள விழுந்தா இந்த நிறம்தான் அத்தான் தெரியும்.”

“உது என்ன கொம்பு?”

அவன் குசினிப் பக்கம் பார்த்தான். “அது... நல்லா இழுக்கும்.”

“என்னத்தை?”

“செய்மதியை.”

ஒன்றும் தெரியாதவனுக்குப் பொய் சொல்லவும் தெரியாது என்பது என் கணிப்பு. நம்பிவிட்டேன். சுலோ வந்து, அதைத் துணியால் துடைத்து, “பத்திரமாக் கொண்டுபோங்கோ. எதுவும் அமத்திப் பழுதாக்கிப் போடாதேங்கோ, நான் எல்லாம் சரிபண்ணி வைச்சிருக்கிறன்,” என்றாள்.

முதல் ஞாயிறு. என் தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டியது போதாதென்று கதவை இழுத்தும் பார்த்தேன். இறக்கக்கண்டியில் வள்ளம் அலையைக் கடந்ததும் வள்ளம் ஒரு பக்கம் போனது, என் வயிறு மற்றப் பக்கம் போனது. நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கடலுக்குக் காலைச் சாப்பாட்டைப் படைத்தேன். றுவைஸ் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பாட்டு முணுமுணுத்தான். கரை ஒரு கோடாகிவிட்டது. யாரும் என்னை ஒன்றும் வாங்கச் சொல்லவில்லை. வாந்திக்கும் வாந்திக்கும் இடையில் நான் பூரண சுதந்திர மனிதன்.

அப்போது என் கையிலிருந்த கருவி ‘கீக்’ என்றது.

பற்றரியாக்கும் என்று பார்த்தேன். திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது. “சத்தி எடுத்து முடிஞ்சுதோ? இஞ்சித் துண்டு பையின்ர சின்னப் பொக்கற்றுக்குள்ள இருக்கு.”

பையைத் திறந்தேன். இருந்தது.

றுவைஸ் திரையை எட்டி வாசித்தான். பிறகு தொப்பியைத் தூக்கி வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். “மச்சான், சாரத்தை ஒழுங்காக் கட்டு. தங்கச்சி மேலயிருந்து பாக்கிறா.”

செய்மதிக்குத் துணைக்கோள் என்றும் ஒரு பெயர் உண்டு. எத்தனையோ தரம் வாசித்த சொல்தான். துணைவியிடம் கோள் சொல்வது என்ற அதன் முழுப் பொருளும் இஞ்சியை மென்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மறுபடி ‘கீக்’. “நிக்கிற இடம் மணல். அதில மீன் நிக்காது. தெற்க வாங்கோ. சல்லிக்கு நேர, அப்பாவின்ர கல்லு இருக்கு. வழி சொல்லுறன், நில் எண்டா நில்லுங்கோ.”

கல்லு என்றால் கடலடிப் பாறை. மீன் குடியிருக்கிற இடம். காலையிலிருந்து ஒரு செதிலும் காணாத றுவைஸ் என்ஜினை இழுத்தான்.

“டேய், நான் இஞ்ச நிப்பம் எண்டு சொன்னனான்.”

“நீ சொல்லி மீன் வந்ததில்ல மச்சான்.”

அவள் வரச்சொன்னாள், போனோம். நில் என்றாள், நின்றோம். அதன் பிறகு றுவைஸ் பாட்டு முணுமுணுக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை. கலவாயும் விளைமீனும் ஒன்றின் பின் ஒன்றாக ஏறின.

வீட்டுக்கு வந்ததும் கருவியை மேசையில் வைத்து விசாரணை தொடங்கினேன்.

“அப்ப இது கதைக்கும்.”

“கதைக்காது. எழுதும். நீங்கள் நிக்கிற இடமும் எனக்கு வரும்.”

“நான் கடையில காட்டினது இதில்லை.”

“அதுவும் நல்ல சாமான்தான். ஆனா அது நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டு உங்களுக்கு மட்டும்தானே சொல்லும்,” என்றாள் சுலோ, மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு. “அது தெரிஞ்சு நீங்கள் என்ன செய்யப்போறீங்கள்?”

“உதுக்கு அனுமதி, சந்தா எல்லாம் வேணுமே.”

“எடுத்தாச்சு.”

“எப்ப?”

“நீங்கள் தொடுதிரையோ பட்டனோ எண்டு எனக்குப் படிப்பிச்சுக்கொண்டிருந்த நேரம்.”

கனகசுந்தரம் இதற்கெல்லாம் மசிகிறவன் அல்ல. இயந்திரம் என்பது இயந்திரம்தான். அதற்கு எந்த மனிதனின் கையில் இருக்கிறோம் என்று தெரியாது. அடுத்த ஞாயிறு கரையில் வைத்துக் கருவியை றுவைசின் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

“நீ போ. நான் வாடியில படுக்கிறன். அவள் என்ன எழுதினாலும் ‘ஓம்’ எண்டு மட்டும் அனுப்பு. வேற ஒரு எழுத்தும் கூடாது. நான் அவளுக்கு அவ்வளவுதான் சொல்லுறனான்.”

“தங்கச்சி அந்தக் கல்லுக்கு வழி சொல்லுவாவா?”

“அது உன்ர பாடு.”

சுலோவின் வரைபடத்தில் நான் நடுக்கடலில் அலையோடு போராடிக்கொண்டிருந்தேன். நானோ கயிற்றுக் கட்டிலில் வாயைத் திறந்தபடி கிடந்தேன். அப்படி ஒரு நித்திரையை நான் அலுவலகத்தில்கூடக் கொண்டதில்லை. பின்னேரம் றுவைஸ் பெட்டி நிறைய மீனோடு வந்தான். எனக்கும் ஒரு கோர்வை தந்தான். கருவியைத் திருப்பி வாங்கிக் கழுத்தில் மாட்டி, முகத்தில் கொஞ்சம் கடல்தண்ணீர் தெளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“இண்டைக்கு எப்பிடி?” என்றாள் சுலோ.

“காத்து எதிர்க்காத்து. வள்ளம் நெட்டுக்குத்தாய் எழும்புது. றுவைஸ் பயந்திட்டான். நான்தான் பிடிச்சு நிப்பாட்டினது.”

“நூல் இழுத்துக் கை எரியேல்லையோ?”

“பழகிட்டுது.”

“சத்தி?”

“எனக்கோ?”

கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வங்கியில் ஊரையே அழவைக்கிறவள் என் முன்னால் பச்சைப்பிள்ளை. சொல்லப்போனால் எனக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் மீன் பெரிதானது, அலை உயர்ந்தது, என் கதையும் வளர்ந்தது. அலுவலகத்திலும் சொன்னேன். லிகிதர்கள் கோப்பை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்கள். மூடுவதற்கு அவர்களுக்கு ஒரு சாட்டு வேண்டும், அது வேறு விஷயம். திங்கட்கிழமை என்றால் ஒருவன் வந்து, “சேர், இந்த முறை என்ன மீன்?” என்று கேட்பான்.

ஒரு ஞாயிறு பின்னேரம் மீன்கோர்வையோடு வீட்டுக்குள் ஏறினால், விறாந்தையில் சுலோவோடு றுவைசின் மனைவி நிப்லா இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். சிநேகிதமாக வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

“வாங்கோ. இண்டைக்கு எப்பிடி?” என்றாள் சுலோ.

கேட்க இரண்டு பேர் இருந்தால் கதைக்கு ஓர் எடுப்பு வரும். அன்று நான் ஒரு பாரை மீனோடு மல்லுக்கட்டினேன். நூல் கையை அறுத்தது. பாரை வள்ளத்தையே இழுத்துக்கொண்டு ஓடியது. நான் கதிரையைப் பிடித்துச் சரிந்து, காலை உதைத்து, எப்படி இழுத்தேன் என்று நடித்தும் காட்டினேன். நிப்லா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கேட்டாள். பயந்துவிட்டாள் போல.

சுலோ தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். “இதை வாசியுங்கோ.”

கருவியிலிருந்து அவளுக்கு வந்த பதில்கள். “ஓம்,” என்று வாசித்தேன்.

“அடுத்தது.”

“ஓம்.”

“அதுக்குக் கீழ.”

“சரி தங்கச்சி.”

சுலோ தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். “கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில என்னை ஒரு நாளும் நீங்கள் தங்கச்சி எண்டு கூப்பிட்டதில்லை. கடலில போய் நிண்டவுடன அப்பிடி ஒரு பாசம். இன்னும் கீழ வாசியுங்கோ.”

வாசித்தேன். “மச்சான் வாடியில நல்ல நித்திரை தங்கச்சி. கல்லுக்கு வந்துட்டம். இனி எந்தப் பக்கம்?”

“உது எப்ப வந்தது?” என்று கேட்டேன்.

“நீங்கள் வாடியில படுத்த முதல் நாளே.”

“அப்ப நான் இவ்வளவு நாளும் சொன்ன கதையள்?”

“நல்லா இருந்தது. ஒவ்வொரு கிழமையும் நிப்லாவுக்குச் சொல்லுறனான். தானும் ஒருக்கா நேரில கேக்கவேணும் எண்டவ. அதுதான் இண்டைக்கு வந்தவ.”

நிப்லா முந்தானையை எடுத்துவிட்டு, “அந்தப் பாரை வள்ளத்த இழுத்தது நல்ல ஷோக்கு, அண்ணே,” என்றாள்.

நான் கதிரையில் இருந்தேன். காலை உதைத்துக் காட்டிய அதே கதிரை.

சுலோ ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் கழுத்திலிருந்து கருவியைக் கழற்றி எடுத்தாள். தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கருவியைக் கைநீளத்துக்குப் பிடித்து, கட்டைவிரலால் பட்டன்களை அமர்த்தினாள். எதையோ பார்த்துத் தனக்குள் சிரித்தாள். கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. அவளுடைய அந்தச் சிரிப்பை நான் பார்த்துக் கனகாலம்.

“உங்களுக்கு வாடியில நல்ல நித்திரை வருகுது. அதைக் குழப்ப எனக்கு விருப்பமில்லை,” என்றாள். “வள்ளத்தில உங்கட இடம் சும்மாதானே கிடக்கு. வாற ஞாயிறு நானும் நிப்லாவும் போறம். றுவைஸ் அண்ணையும் ஓம் எண்டிட்டார்.”

“நீ கடலுக்கோ?”

“ஓம்.”

“உனக்கு... அலை, காத்து...”

“நான் சல்லிப் பிள்ளை,” என்றாள்.

றுவைசைக் கூப்பிட்டுக் கேட்டேன். நண்பன் என்ற சொல்லுக்கே அவன் ஓர் இழுக்கு. “மச்சான், நீ வந்தா ஒரு சுமை. தங்கச்சி வந்தா பெட்டி நிறைய மீன். நீயே சொல்லு,” என்று கேட்கிறான். இரும்பு விற்கிறவனிடம் ஈரத்தை எதிர்பார்த்தது என் பிழை.

ஆனால் எனக்கும் ஒரு மானம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கனகசுந்தரம் கடலில்தான் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். பெண்சாதி கடலுக்குப் போக நான் வீட்டில் கிடந்தேன் என்று தெரிந்தால் மின்விசிறிகூட மதிக்காது. சனிக்கிழமை சுலோவின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றேன்.

“நானும் கடலுக்கு வருவன். ஆர் மறிச்சாலும் நிக்கமாட்டன்.”

அவள் தூண்டில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“ஆர் மறிச்சது? வாங்கோ. நீங்கள் இல்லாம ஏலாது எண்டு றுவைஸ் அண்ணையும் சொன்னவர்.”

இவ்வளவு சுலபமாக இறங்கி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் எந்த வீட்டிலும் காரியம் நடக்கும்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. சுலோ கருவியோடு முன்பக்கம் அணியத்தில், நிப்லா நடுவில், றுவைஸ் என்ஜினடியில் ஏறிக்கொள்வார்கள். நானும் கடலுக்குள் இறங்கி, வள்ளத்தை ஒரே மூச்சாகத் தள்ளிவிடுவேன், முழங்கால் தண்ணீர் வரைக்கும்.